கூரை போட்ட படகு

இடது தோள்பட்டை விடிவதற்கு முன்பே அய்யனாரை எழுப்பிவிட்டது. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லி இரண்டு வாரம் ஆகிறது. கூடின இடத்தில்தான் வலி குடியிருந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. மனைவி தனம் சட்டையை விரித்துப் பிடித்துக்கொள்ள, முதலில் வலது கையை விட்டு, பிறகு இடது கையை மடக்கி, கால் உடைந்த நண்டைப் பறிக் கூடைக்குள் விடுவதுபோல மெதுவாக உள்ளே விட்டான். பித்தானை அவள்தான் போட்டாள்.

"அங்க போயி வளவளன்னு பேசிக்கிட்டு நிக்காத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வா" என்றாள்.

"நான் என்னைக்குடி வளவளன்னு பேசினேன்?"

"இப்பல்லாம் பேசறதே இல்ல. அதான் பயமா இருக்குது."

கிள்ளையிலிருந்து கிளம்பிய பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் தோளைத் தேடி வந்து குத்தியது. கண்டக்டர் அவனை அடையாளம் கண்டுகொண்டான். விமானம் கடலில் விழுந்து இரண்டு மாதம் ஆகியும், அதிலிருந்து உயிரோடு வந்தவன் என்ற பெயர் போகவில்லை. குப்பத்தில் மாலை போட்டுக் கோயில் வாசல்வரை அழைத்துப் போனார்கள். விமானமே விழுந்தாலும் நம்ம ஆளுக்குத் தண்ணி தரைதான் என்று பஞ்சாயத்தார் மைக்கில் சொன்னார்கள். அன்றைக்கு மாலையின் கனம் முழுக்க இடது தோளில்தான் இருந்தது. கழற்றச் சொல்ல வாய் வரவில்லை.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஜோதிலட்சுமி நின்றிருந்தாள். பக்கத்தில் அவள் புருஷனுடைய தாய்மாமன் தட்சிணாமூர்த்தி, கக்கத்தில் பைலோடு. கம்மாபுரத்துக்காரி அவள். கொத்தனார் வேலைக்குப் புருஷன் ஞானசேகரன் வளைகுடா போனபிறகு, மகளின் படிப்புக்காகச் சிதம்பரத்துக்கு வந்து ஓர் அறை எடுத்துத் தங்கியவள். ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிறாள். வாழைப்பூக் கறை ஏறிய கட்டைவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "வாங்கண்ணா. டீ குடிச்சீங்களா?" என்றாள். வளைகுடாவில் ஒரே கேம்ப்பில் தங்கியிருந்தபோது ஞானசேகரன் அய்யனாரை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். அந்த முறையைப் பிடித்துக்கொண்டு அவள் போனில் பேசிய முதல் நாளிலிருந்தே அண்ணா என்றாள்.

தட்சிணாமூர்த்தி மின்சார ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். செத்துப்போன பதினோரு பேருடைய குடும்பங்களையும் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கி, டெல்லிக்கு மனு அனுப்பியவர் அவர்தான். மனுவில் ஒரு பெயர் இருந்தது. மோனிகா. விமானத்தின் பின்பகுதியில் வேலை செய்த பணிப்பெண். இருபத்து மூன்று வயது. அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். இன்றைக்குக் கடலூரில் அய்யனார் சாட்சி சொல்லப்போகும் விசாரணை முடிந்தால் கேசும் வரும் என்றார்கள்.

"ரெண்டே விஷயம் அய்யனாரு" என்று விரலை மடக்கினார் தட்சிணாமூர்த்தி. "கழுத்துல மாட்டற மிதவ மெத்தைய விமானத்துக்கு உள்ளார ஊதாதீங்கன்னு அந்தப் பொண்ணு யாருக்கும் சொல்லல. இது ஒண்ணு. ஜனங்க கெஞ்சியும் பின்கதவத் தெறக்காம மறிச்சிக்கிட்டு நின்னா. இது ரெண்டு. நீ எங்ககிட்ட சொன்னதத்தான் அங்கயும் சொல்லப்போற. புதுசா ஒண்ணும் இல்ல."

அவன் சொன்னதுதான். ஞானசேகரன் பெட்டியில் வந்து இறங்கிய அன்று, கம்மாபுரத்தில், தோளில் கட்டோடு போய் நின்றபோது, ஜோதிலட்சுமி அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "அத உள்ளார ஊதக் கூடாதாமேண்ணா. டிவியில சொல்றாங்களே. ஒங்களுக்கு யாருமே சொல்லலியா?" என்று கதறினாள். "யாரும் ஒண்ணும் சொல்லலம்மா" என்றான். அந்த நேரத்துக்கு அவள் கையிலிருந்து வேட்டி விடுபட்டால் போதும் என்றிருந்தது. அந்த மூன்று வார்த்தைதான் வளர்ந்து மனுவாகித் தட்சிணாமூர்த்தியின் கக்கத்தில் இருந்தது.

தட்சிணாமூர்த்தி அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு நின்றுகொண்டார். கடலூர் பஸ்ஸில் ஜோதிலட்சுமிக்குப் பெண்கள் பக்கம் இடம் கிடைக்கவில்லை. அவன் ஜன்னலோரம் உட்கார, நடுவில் பையை வைத்துவிட்டு அவள் ஓரத்தில் உட்கார்ந்தாள். பஸ் வெள்ளாற்றுப் பாலம் ஏறியது. ஆற்றில் தண்ணீர் கிடந்தது. அவள் அதைப் பார்க்காமல் எதிர் சீட்டின் கம்பியைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கணும்ண்ணா. மாமாவ வச்சிக்கிட்டு கேக்க முடியல."

"கேளும்மா."

"அவுரு பயந்தாரா?"

அய்யனார் யோசித்தான். "மொதல்ல பயந்தான். அப்புறம் இல்ல."

"நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல. அதான் பயந்திருக்க மாட்டாரு" என்றாள். "போன்ல எப்பவும் அதான் சொல்வாரு. எம் மச்சான் கடல்ல பொறந்தவன், அவங்கூட வந்தா கப்பலே முழுவினாலும் என்னக் கூட்டியாந்துருவான்னு. கெணத்துல எறங்க மாட்டாருண்ணா அந்த மனுஷன். மோட்டார் கொட்டாயில குழாத் தண்ணியில உக்காந்து குளிக்கிறவரு."

அவளே தொடர்ந்தாள். "ஒடம்புல ஒரு காயம் இல்ல. குளிப்பாட்டறப்ப பாத்தேன். உச்சந்தலையில மட்டும் தோலு வழண்டு முடி போயிருந்துச்சு. எங்கண்ணா இடிச்சிக்கிட்டாரு?"

"தெரியலம்மா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தெரியும். கூரையில்.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு விமானம் ஏறியது. இருபத்தாறாவது வரிசை. ஜன்னலோரம் பெயர் தெரியாத ஒரு தெலுங்குக்காரன், நடுவில் ஞானசேகரன், அவனுக்கு ஞானம், நடைபாதை ஓரத்தில் அய்யனார். கிளம்பும் முன் மோனிகா மஞ்சள் மெத்தையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இழுத்தால் உப்பும் கயிற்றைக் காட்டி, ஊதுகுழலைக் காட்டி, கையை இரண்டு பக்கமும் நீட்டினாள். "மச்சான், மாலையப் போட்டுக்கிட்டு டான்ஸ் ஆடுது பாரு" என்றான் ஞானம். அய்யனாருக்கும் சிரிப்பு வந்தது. "தண்ணிக்குப் போறதுக்கு இதெல்லாம் எதுக்குடா. நான் இருக்கேன்ல" என்றான். மூன்று வருஷத்துக்கு அப்புறம் வீட்டுக்குப் போகிறவர்கள். எதற்கும் சிரிப்பு வரும்.

ஏறி இருபது நிமிஷம் இருக்கும். இடது பக்கம் ஒரு வெடிச் சத்தம். கொஞ்ச நேரத்தில் வலது பக்கமும் சத்தம் அடங்கியது. என்ஜின் நின்ற படகு எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். எல்லாரும் என்னவென்று விழிக்கும்போது அவன் உடம்பு முதலில் அதைப் புரிந்துகொண்டது. பைலட் இங்கிலீஷில் ஏதோ சொன்னான். பிறகு இந்தி. மோனிகா ஓடி வந்தாள். லிப்ஸ்டிக் போட்ட வாய் வெளிறியிருந்தது. ஆனால் குரல் உடையவில்லை. சீட்டுக்கு அடியில் கைவிட்டு மெத்தையை எடுத்து, ஒவ்வொருத்தர் கழுத்திலும் மாட்டி, இடுப்பு வாரை இறுக்கிக்கொண்டே வந்தாள். ஒரு வரிசைக்கு ஒரு தரம் இரண்டு கையையும் குறுக்கே ஆட்டி, சிவப்புக் கயிற்றைத் தொட்டுக் காட்டி, "நோ! நோ! அவுட்சைட்! டோர், அவுட்சைட்!" என்றாள். இங்கிலீஷ் தெரியாத வரிசைகள் அவை. கையாலேயே சொன்னாள்.

அய்யனாரின் கை அப்போதே ஞானத்தின் கயிற்றில் இருந்தது. அவள் பார்த்துவிட்டாள். பட்டென்று கையில் ஓர் அடி அடித்தாள். கன்னத்தில் அடிக்கிற மாதிரியான அடி. அவன் கண்ணைப் பார்த்து மறுபடியும், "அவுட்சைட்" என்றாள். அவனுக்கு அந்த வார்த்தை தெரியும். மூன்று வருஷம் சூப்பர்வைசர் வாயிலிருந்து தினம் கேட்ட வார்த்தை. வெளியே. வெளியே போனபிறகு.

புரிந்தது. புரியாமல் இல்லை. இதைத்தான் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

குப்பத்தில் ஒரு முறை உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை. படகு தள்ளாட ஆரம்பித்தால், தண்ணி ஏறுவதற்கு முன்னால் மிதவையைக் கட்டிவிட வேண்டும். காலி டீசல் கேனோ, வலையில் கட்டுகிற மிதவையோ, கையில் கிடைத்ததை நீந்தத் தெரியாதவன் நெஞ்சில் முதலில் கட்ட வேண்டும். நீந்தத் தெரிந்தவன் கடைசியில் கட்டிக்கொள்வான். தண்ணிக்குள் போனபிறகு முடிச்சுப் போடக் கை வராது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் முகத்துவாரத்தில் அலை படகைப் புரட்டிய அன்று, வலிப்பு வந்து கிடந்த மச்சினன் கோவிந்தசாமிக்கு அய்யனார்தான் கேனைக் கட்டிவிட்டான். கட்டி முடித்த மறு அலையில் படகு கவிழ்ந்தது. கோவிந்தசாமி இன்றைக்கும் பரங்கிப்பேட்டையில் ஐஸ் வியாபாரம் பண்ணுகிறான். கட்டாமல் விட்ட இன்னொருத்தன் மூன்றாம் நாள் பிணமாகக் கரை ஒதுங்கினான்.

அதனால் அந்தப் பெண் கையில் அடித்தபோது அவனுக்குக் கோபம் வந்தது. ஹீல்ஸ் போட்டுக்கொண்டு தண்ணி பாட்டில் கொடுக்கிற பொண்ணு எனக்குக் கடல் சொல்லித் தருதா என்று வந்தது. கடலைப் பற்றி ஒரு பொம்பளைப் பிள்ளை அவனுக்குச் சொல்லி, அவன் கேட்டுக்கொண்டதாகக் குப்பத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவள் அடுத்த வரிசைக்குத் திரும்பி முதுகைக் காட்டினாள். ஞானம் அவன் முகத்தைப் பார்த்தான். நடுங்கிக்கொண்டிருந்தான்.

"மச்சான், அது வேணாங்குதே?"

"அதுக்கு இன்னா தெரியும்? தண்ணி வந்த பெறகு கயிறத் தேடுவியா நீ? நான் சொல்றேன்."

"நீ சொன்னா சரி."

அய்யனார் கயிற்றை இழுத்தான். புஸ்ஸென்று மெத்தை உப்பி ஞானத்தின் தாடையை முட்டியது. ஞானம் சிரித்தான். பயம் போன சிரிப்பு. அப்புறம் அய்யனார் கையை நீட்டித் தெலுங்குக்காரனுடையதையும் இழுத்துவிட்டான். முன் சீட்டில் ஒருத்தன் திரும்பிப் பார்த்துத் தன்னுடையதைத் தானே இழுத்துக்கொண்டான். அதற்கு முன் சீட்டிலும் புஸ்ஸென்று கேட்டது. நீந்தத் தெரிந்தவன் கடைசி. தன் கயிற்றை விரலில் மாட்டும்போது வால் பகுதி தண்ணீரில் மோதியது.

படகுக்கு மேலே வானம்தான் இருக்கும். எத்தனை பெரிய அலை வந்தாலும், மிதந்தால் வானத்தைப் பார்த்து மிதக்கலாம். அவன் அறிந்த கடல் முழுவதிலும் ஒருவனுக்கு மேலே கூரை இருந்ததில்லை. விமானத்தில் இருந்தது. பின்பக்கம் கிழிந்து தண்ணீர் வந்த வேகத்தில், ஞானம் பெல்ட்டைக் கழற்றிய அடுத்த நொடி மெத்தை அவனைத் தூக்கிக் கூரையில் ஒட்டவைத்துவிட்டது. முகம் கூரைக்கும் மெத்தைக்கும் நடுவில். அப்புறம் அந்த நாலு விரல் இடத்திலும் தண்ணீர். தெலுங்குக்காரன் பக்கத்திலேயே ஒட்டியிருந்தான். முன்னால் வரிசையாக மஞ்சள். சந்தையில் பந்தல் கட்டியது மாதிரி.

அய்யனாரின் மெத்தை சப்பையாக இருந்தது. அவனால் மூழ்க முடிந்தது. சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஞானத்தின் காலைப் பற்றிக் கீழே இழுத்தான். முழு பலத்தையும் போட்டு இழுத்தான். ஒரு சாண் வந்து மறுபடியும் மேலே போனது. மெத்தையின் வாரை அவிழ்க்க இடுப்பைத் தேடினான். அப்போதுதான் ஞானம் உதைத்தான். செருப்பில்லாத குதிகால். கொத்தனார் கால். இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் தண்ணீருக்குள் பல்லில் கேட்டது. உதைத்தது ஞானம் இல்லை, அவன் மூச்சு என்று அய்யனாருக்குத் தெரியும். கையை விட்டான். வெளிச்சம் முன்னால் இறக்கைப் பக்கம் தெரிந்தது. சீட்டுகளுக்கு அடியில் ஒற்றைக் கையால் போனான்.

பின்கதவில் மோனிகா நின்றிருந்ததையும் பார்த்தான். முதுகைக் கதவில் ஒட்டிக்கொண்டு, மார்பு மட்டத் தண்ணீரில், கைப்பிடியைத் தொட வந்தவர்களையெல்லாம் மார்பில் கைவைத்துத் தள்ளி, "பார்வர்டு! பார்வர்டு!" என்று முன்பக்கம் போகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். வால் பகுதி தாழ்ந்திருந்தது. அந்தக் கதவின் பாதிக்கு மேல் கடல். திறந்திருந்தால் மிச்சம் இருந்தவர்களும் அன்றைக்கு அங்கேயே. இதைப் புரிந்துகொள்ள அவனுக்கு யாரும் இங்கிலீஷ் சொல்லித் தர வேண்டியதில்லை.

ரப்பர் தெப்பத்தில் ஏற்றியபோது அவளும் அதில்தான் இருந்தாள். நகங்களில் ரத்தம். ஏறியவர்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். முடித்ததும் முதலிலிருந்து எண்ணினாள். அவன் கழுத்தில் ஊதாமல் தொங்கிய மெத்தையைப் பார்த்தாள். தான் சொன்னதைக் கேட்ட ஓர் ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். அதைத் தொட்டுப் பார்த்து, "குட்" என்றாள். அப்புறம்தான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அண்ணா, எறங்கணும்" என்றாள் ஜோதிலட்சுமி. கடலூர் வந்துவிட்டது.

மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு விருந்தினர் மாளிகையில் விசாரணை. வாசலில் வேப்பமரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவனை மட்டும் உள்ளே அழைத்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் டெல்லியிலிருந்து வந்த அதிகாரி. ஒல்லியான மனிதர். பக்கத்தில் தமிழில் மாற்றிச் சொல்ல ஞானசேகரன் வயதுள்ள ஓர் ஊழியர். மேஜையில் விமானத்தின் படம், சீட்டுச் சீட்டாகக் கட்டம் போட்டு. பதினோரு கட்டத்தில் சிவப்பு மை. இருபத்தாறாவது வரிசையில் ஜன்னலும் நடுவும் சிவப்பு. ஓரத்துக் கட்டத்தில் பச்சை.

"ஒங்களப் பத்தி சார் ஒண்ணு சொல்றாரு" என்றார் ஊழியர். "இருவத்தி நாலாவது வரிசைக்குப் பின்னால இருந்தவங்கள்ல மெத்தைய ஊதாம வெளிய வந்தது ஏழு பேரு. அதுல நீங்க ஒருத்தரு. ஊதினவங்கள்ல ஒருத்தரும் வரல. அந்தப் பொண்ணு ஊதாதீங்கன்னு சொன்னாங்களா? குடும்பத்துக்காரங்க சொல்லலன்னு எழுதியிருக்காங்க."

மின்விசிறி சுற்றியது. தட்சிணாமூர்த்தியின் மடக்கிய விரல் ஞாபகம் வந்தது. கூடவே கையில் விழுந்த அடி. அந்த இடத்தை வலது கட்டைவிரலால் தடவினான்.

"சொல்லுச்சு" என்றான்.

அதிகாரி பேனாவை எடுத்தார்.

"ஒவ்வொரு வரிசையிலயும் நின்னு சொல்லுச்சு. பாஷை புரியாதவங்களுக்குக் கையால சொல்லுச்சு. எங்கையில ஒரு அடியும் அடிச்சுது."

"எதுக்கு அடிச்சாங்க?"

"கயித்துக்கிட்ட கை இருந்துச்சு."

"சரி. அடிச்சதும் நீங்க நிறுத்திட்டீங்க."

ஊழியர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. பதிலாகவே சொன்னார். அய்யனாரின் தலை ஆடியது. அதிகாரி எழுதினார். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டினார்கள். பயணி முதலில் தவறு செய்யப் போனார், பணிப்பெண் தடுத்ததும் கீழ்ப்படிந்தார்.

"பக்கத்துல இருந்த ரெண்டு பேரு? அவுங்களும் அந்தப் பொண்ணு சொன்னதக் கேட்டாங்கல்ல. அப்புறம் ஏன் ஊதினாங்க?"

சொல்லிவிடலாம். அந்த அறையில் அவன் வாயைக் கட்டிவைக்க ஒருவரும் இல்லை. நான் இழுத்தேன் சார், ரெண்டு பேருக்கும் நான்தான் இழுத்தேன், என்னப் பாத்துதான் முன்னால இருந்தவனும் இழுத்தான். வாக்கியம் முழுதாக நாக்கில் வந்து நின்றது. குப்பத்துக் கோயில் வாசல், மாலை, மைக், தனம் போட்டுவிட்ட பித்தான் எல்லாம் அதன் மேல் ஏறி உட்கார்ந்தன.

"பயத்துல, சார்" என்றான்.

பின்கதவைப் பற்றியும் சொன்னான். அதை மட்டும் நிறுத்தாமல் சொன்னான். வால் எவ்வளவு தாழ்ந்திருந்தது, தண்ணீர் கதவில் எந்த உயரத்தில் நின்றது, திறந்தால் எந்தப் பக்கத்திலிருந்து என்ன வேகத்தில் வரும், எல்லாம் கையால் வரைந்து காட்டினான். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "இவரு மீன் பிடிக்கிறவரா?" என்று கேட்டாராம். ஆமாம் என்றதும், "அதனாலதான் இவருக்குப் புரிஞ்சிருக்குது" என்றாராம். கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்தபோது ஜோதிலட்சுமி நாற்காலியிலிருந்து எழுந்தாள். வேப்பங்காய் ஒன்று அவள் மடியிலிருந்து உருண்டது.

"சொல்லிட்டீங்களாண்ணா?"

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லம்மா" என்றான். நின்றுகொண்டே சொன்னான். "நான் அன்னைக்கு ஒங்கிட்ட சொன்னது பொய்யி. அது எல்லார்கிட்டயும் சொல்லுச்சு. உள்ளார ஊதாதீங்கன்னு சொல்லுச்சு. கதவையும் நல்லதுக்குத்தான் மறிச்சுது."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தான். கத்துவாள், மாமாவுக்குப் போன் போடுவாள் என்று நினைத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். மெஸ்ஸில் காயைப் பூச்சி இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிற பார்வை.

"அப்ப அவுருக்கும் சொல்லிச்சா?"

"சொல்லுச்சு."

"அவுருக்குப் புரிஞ்சிதா?"

"புரிஞ்சிது."

"புரிஞ்சும் ஏண்ணா ஊதினாரு?"

ஒரு லாரி பின்வாங்குகிற சத்தம் தெருவில் கேட்டது. அது முடியும்வரை அவள் காத்திருந்தாள். அவனும் காத்திருந்தான். அவள்தான் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து, மெதுவாக, தனக்கே சொல்வதுபோலச் சொன்னாள்.

"அவசரப்பட்டிருப்பாரு. அவுரு புத்தியே அதான். பஸ்ஸு நிக்கிறதுக்கு முன்னாடி எறங்குவாரு. சோறு வேவறதுக்கு முன்னாடி தட்ட எடுப்பாரு. சொன்னத எங்க கேட்டாரு எப்பவும்? அவுரா இழுத்துக்கிட்டாருல்ல?"

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றுதான் ஆட்டினான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெயில் அவர்கள் பக்கம் இருந்தது. தொழிற்பேட்டை தாண்டும்போது நாற்றத்துக்கு மூக்கை மூடிக்கொண்ட அவள் கையை அப்படியே வைத்திருந்தாள். தட்சிணாமூர்த்தி கூப்பிட்டு, அய்யனாரின் போன் இரண்டு முறை சட்டைப் பையில் அதிர்ந்து நின்றது. ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் அவள் போன் அடித்தது. மகள் எழிலரசி. பத்தாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள் போல.

"ம்... முடிஞ்சிது... அய்யனாரு மாமாதான் சொல்லிட்டாரு உள்ள... இல்லடி, அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்லியாம். அது சரியாத்தான் சொல்லியிருக்குது." அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. அவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். இரண்டு சாண் தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்காமல் போகிற அளவுக்குத் தாழவில்லை. "ஒங்கப்பாதான்டி. சொல்லச் சொல்லக் கேக்காம அவுரே இழுத்துக்கிட்டாராம்... அழுவாத. வேற யாரையும் சாபம் வுடாத இனிமே. அந்தப் பொண்ணு போட்டோவக் கிழிச்சிப் போட்டியே, அதுவும் பாவம்... ஆமா. நம்ம அப்பா புத்தி அவ்ளோதான். எந்திரிச்சி மொகத்தக் கழுவு."

சாவு வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்கு அப்பா யாரோ ஒருத்தியால் செத்தவராக இருந்தார். இந்த அழைப்பிலிருந்து தன் முட்டாள்தனத்தால் செத்தவர். அய்யனார் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வலது கை. இழுத்த கை.

சிதம்பரத்தில் இருவரும் இறங்கினார்கள். கிள்ளை பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. இருங்க என்று சொல்லிவிட்டு அவள் எதிரிலிருந்த மருந்துக் கடைக்குப் போனாள். ஒரு தைலப் பாட்டிலோடு வந்தாள். பஸ்ஸுக்குள்ளேயே ஏறி வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் கையில் வைத்தாள்.

"வர்ற வழியெல்லாம் தோளப் புடிச்சிக்கிட்டே வந்தீங்க. ராத்திரிக்குச் சுடுதண்ணி ஒத்தடம் குடுத்துட்டு இதத் தேய்க்கச் சொல்லுங்க அண்ணிய." கொஞ்சம் நின்றாள். "அவரக் காப்பாத்தப் போயித்தான ஒடைஞ்சிச்சு. மாமா கண்டபடி பேசுவாரு. மனசுல வச்சிக்காதீங்க. நீங்க உள்ளதச் சொன்னீங்க. எவன் சொல்வான் இந்தக் காலத்துல?"

"தங்கச்சி" என்றான்.

"இன்னாண்ணா?"

டிரைவர் ஏறினார். என்ஜின் உறுமி, கம்பிகள் அதிர ஆரம்பித்தன. அவள் பதிலுக்காக நின்றாள். கண்டக்டர், "எறங்கறவங்க எறங்குங்கம்மா" என்றான். அவன் பாட்டிலைப் பார்த்தான். "ஒண்ணும் இல்ல. பாத்துப் போ" என்றான்.

அவள் இறங்கி, கூட்டத்துக்குள் மெஸ் இருக்கிற பக்கமாக நடந்தாள். மாலைக் காய் நறுக்க நேரமாகியிருக்கும். பஸ் திரும்பும்போது சூரியன் கண்ணாடியில் அடித்து அவளை மறைத்தது. தைலப் பாட்டிலின் மூடியில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளை அவன் பிரிக்கவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். பள்ளம் வந்தது. தோள் குத்தியது. ஞானத்தின் குதிகால் எந்த இடத்தில் பட்டதோ அந்த இடம்தான்.

ஜோதிலட்சுமிக்கு அவன் ஒரு வாக்கியம் தரவேண்டும். உன் புருஷன் இழுக்கவில்லை, நான்தான் இழுத்தேன். அது இன்னும் பாக்கி.